கட்டம் சரியில்லை

பிள்ளை பிறந்ததும் ஜோசியர் ஒரு கட்டம் போட்டுக் கொடுக்கிறார். பன்னிரண்டு வீடு, ஒன்பது கிரகம். அதே பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்ததும் கோச்சிங் சென்டர் இன்னொரு கட்டம் போட்டுக் கொடுக்கிறது. அதில் வீடுகள் ஏராளம். கிரகம் மூன்றுதான்: இயற்பியல், வேதியியல், உயிரியல். முதல் கட்டத்தில் சனி பிடித்தால் ஏழரை ஆண்டில் விட்டுவிடுவார். இரண்டாவதில் ‘ரிப்பீட்டர் பேட்ச்’ என்று ஒன்று இருக்கிறது. அது எப்போது விடும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. ஜோசியராவது தட்சிணையை வெற்றிலையில் வைத்தால் வாங்கிக்கொண்டு போகிறார். இவர்கள் இரண்டு தவணையாக, ரசீதோடு வாங்குகிறார்கள்.

டாக்டருக்கும் பல் டாக்டருக்கும் இந்த நாட்டில் வாசல் ஒன்றுதான், நீட். எம்.பி.பி.எஸ். கனவில் எழுதுகிறவனும் பி.டி.எஸ். கிடைத்தாலே போதும் என்று எழுதுகிறவளும் ஒரே தாளைத்தான் நிரப்ப வேண்டும். ‘எனக்குப் பல் மருத்துவம்தான் வேண்டும்’ என்று ஆசைப்பட்டுப் படிக்கிற பிள்ளையும் எங்காவது இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பிள்ளைக்கென்று தனிக் கட்டம் எந்தக் கோச்சிங் சென்டரிலும் அச்சடிப்பதில்லை. எம்.பி.பி.எஸ். தவறியவர்கள் ஒதுங்குகிற திண்ணை என்றுதான் அந்தப் படிப்பை ஊரே முடிவுகட்டி வைத்திருக்கிறது.

அந்தக் கட்டத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் தெருவில் ஒரு வீட்டு ஹாலில், சாமி படத்துக்கும் டிவிக்கும் நடுவில், லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறார்கள். மேலே வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாய் ஒரு பெண் சிரிக்கிறாள். கீழே நாள் தொடங்குகிறது. 4.30 எழுதல். 4.40 வரை காலைக்கடன், ‘பல் துலக்கல் உட்பட’. 6.40 வரை உயிரியல். இருபது நிமிடத்தில் குளியலும் டிபனும். 7 முதல் 8.30 வரை இயற்பியல் கணக்கு. 9 முதல் 4 வரை ‘பள்ளி’. அதற்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ‘இடைவேளையில் ஃபிளாஷ் கார்டு’. 4.30 முதல் 8.30 வரை கோச்சிங். அரைமணி சாப்பாடு. 9 முதல் 11 வரை வேதியியல். 11 முதல் 11.15 வரை ‘இன்று நான் செய்த தவறுகள்’. பிறகு தூக்கம்.

பதினாறு வயதுப் பிள்ளை ஒரு நாளில் செய்த தவறுகளை நினைத்துப் பார்க்கக் கால்மணி ஒதுக்கியிருக்கிறார்கள். ஞானிகளுக்குக்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை 6 முதல் 7 வரை ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு பச்சைக் கட்டம் இருக்கிறது. உள்ளே எழுதியிருப்பது: ‘மோட்டிவேஷன் வீடியோ’. இன்னொன்றும் கவனித்தேன். காலையில் பல் துலக்கப் பத்து நிமிடத்தில் பங்கு கொடுத்தவர்கள் இரவில் துலக்க ஒரு நொடியும் கொடுக்கவில்லை. பல் டாக்டர் ஆகப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டம்.

கூட்டிப் பார்த்தால் பள்ளியோடு சேர்த்துப் பதினாறே முக்கால் மணி நேரப் படிப்பு. தூக்கம் ஐந்தேகால் மணி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வயதுவந்த தொழிலாளிக்கு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியிருந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. நியாயமான கோபம். ஆனால் தாடி மீசை முளைத்த ஆளுக்கு 12 மணி நேரம் என்றதும் எழுந்த ஊர், அவன் மகளுக்குப் பதினாறே முக்கால் மணி நேரம் என்பதைக் காசு கொடுத்து வாங்கி, ஓரம் மடங்காமல் லேமினேட் செய்து ஒட்டுகிறது. பெண்ணுக்குச் சங்கம் இல்லை. வேலைநிறுத்தம் செய்தால் அதற்குப் பெயர் ‘டிஸ்டிராக்‌ஷன்’. அவள் கைப்பேசியைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிடுவார்கள்.

மத்திய அரசு 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கு நெறிமுறை வெளியிட்டது. பதினாறு வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கக் கூடாது, நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, வார விடுமுறை வேண்டும். படிக்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. நாம் பார்த்த கட்டத்தில் கோச்சிங் நான்கு மணி நேரம்தானே? சட்டம் மீறப்படவே இல்லை. மிச்சத்தைப் பிள்ளை தன் சொந்த வீட்டில், சொந்த மின்சாரத்தில், சொந்தக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிக்கிறது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

அதற்கு முந்தைய ஆகஸ்டில் ராஜஸ்தானின் கோட்டா நகரில் கோச்சிங் மாணவர்களின் சாவு அடுத்தடுத்து நிகழ்ந்தபோது மாவட்ட நிர்வாகம் ஓர் ஆணை போட்டது. விடுதி அறைகளின் மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்த வேண்டும். வாராந்திரத் தேர்வுகளையும் இரண்டு மாதத்துக்கு நிறுத்தச் சொன்னார்கள். அதாவது தேர்வுக்கு இரண்டு மாதம் ஓய்வு, ஸ்பிரிங்குக்கு நிரந்தர வேலை. பிள்ளையின் கழுத்தில் ஏற்றிய பாரத்தை இறக்க முடியாத நாடு, விசிறி எவ்வளவு பாரம் தாங்கலாம் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறது.

சரி, இவ்வளவு நேரமும் பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள்? பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் பல்லைப் பற்றி ஒரு பக்கமாவது படிப்பார்கள் என்று நினைப்பீர்கள். முன்பு படித்தார்கள். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்பு உயிரியலில் ‘செரித்தலும் உட்கிரகித்தலும்’ என்று ஓர் அத்தியாயம் இருந்தது. மனிதனுக்கு இரண்டு தடவை பல் முளைக்கிறது, ஒவ்வொரு பல்லும் தாடை எலும்பின் குழியில் பதிந்திருக்கிறது, வெட்டும் பல் இத்தனை, கோரைப் பல் இத்தனை, கடைவாய்ப்பல் இத்தனை என்கிற பல் சூத்திரம் எல்லாம் அதில்தான் இருந்தன. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று என்.சி.இ.ஆர்.டி. அந்த அத்தியாயத்தைப் புத்தகத்திலிருந்து தூக்கியது. பிறகு 2024 தேர்வுக்கான நீட் பாடத்திட்டத்திலிருந்தும் அது போனது. பல் மருத்துவ நுழைவுத் தேர்வில் இப்போது பல் இல்லை. பொக்கை வாய்.

எறிபொருள் எத்தனை பாகைக் கோணத்தில் எறிந்தால் அதிகத் தொலைவு போகும், அது இருக்கிறது. நோயாளியின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி வீசுகிற அன்றைக்கு உதவும் போலிருக்கிறது.

அந்தப் புதிய பாடத்திட்டம் எப்போது வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில். தேர்வு 2024 மே 5. 2022 ஜூனிலேயே கட்டம் ஒட்டிய பிள்ளைகள், அதிகாலை 4.40 வீட்டில் உட்கார்ந்து செரித்தலை மனப்பாடம் செய்து முடித்த பிள்ளைகள், தேர்வுக்கு ஆறு மாதம்கூட இல்லாத நேரத்தில், ‘அது வேண்டாமாம்’ என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த அதிகாலைகளை யார் திருப்பித் தருவது? ஒரு நிமிடத்தை வீணாக்கினால் ஆயிரம் ரேங்க் கீழே போவாய் என்று குழந்தையை மிரட்டுகிற அமைப்பு, லட்சக்கணக்கான பிள்ளைகளின் மாதங்களை ஒரு பி.டி.எஃப். கோப்பில் துடைத்துப் போட்டது.

பல் மருத்துவனுக்குக் கையும் கண்ணும்தான் மூலதனம். பி.டி.எஸ். முதலாண்டில் மெழுகுக் கட்டியைக் கையில் கொடுத்துக் கத்தியால் பல் செதுக்கச் சொல்வார்கள். பல பேருக்கு அன்றைக்குத்தான் தன் கை தன் பேச்சைக் கேட்காது என்பது தெரியவரும். கனடாவில் பல் மருத்துவ நுழைவுத் தேர்வில் நெடுங்காலம் சோப்புக்கட்டியைச் செதுக்கிக் காட்டச் சொன்னார்கள். அமெரிக்கத் தேர்வில் இன்றும் உருவம், கோணம், மடிப்பு என்று கண்ணளவைச் சோதிக்கத் தனிப் பகுதி உண்டு, 90 கேள்விகள். நம்மிடம் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். கருப்புப் பேனாவால் வட்டத்துக்குள் மை நிரப்புகிற அளவுக்குக் கை நடுங்காதிருந்தால் போதும். சரியென்றால் நான்கு, தப்பென்றால் ஒன்று கழிப்பு. கையின் திறமை அத்தோடு முடிந்தது.

இந்தக் கட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் பகுதியில் ஒரு தையல் கடைக்காரர் இருக்கிறார். அவருடைய மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவள். தோழியிடமிருந்து இந்தக் கட்டத்தை வாங்கி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாள். பச்சைக் கட்டமும் சிவப்புக் கட்டமும் ஜெராக்ஸில் ஒரே கருப்பாகிவிட்டன. அதன் மேலேயே பென்சிலால் தன் நாளை எழுதிப் பார்த்திருக்கிறாள். காலை 5.30-க்குக் குழாயில் தண்ணீர் வரும். நான்கு குடம், ஒரு பேரல். அம்மா கம்பெனி வேனுக்குக் கிளம்ப வேண்டும், அதனால் தம்பிக்குச் சோறு கட்டுவது இவள். 7.50-க்கு டவுன் பஸ். அது 8.10-க்கும் வரும், சில நாள் வராமலும் போகும். மாலை 5.15-க்கு வீடு. ஏழு மணி வரை கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டுவது, ஓரம் தைப்பது. தீபாவளி, பொங்கல் மாதங்களில் பத்து மணி வரைக்கும். அச்சடித்த கட்டத்தில் ‘சுயபடிப்பு’ என்றிருந்த இடத்தில் எல்லாம் அவள் பென்சிலில் வேறு ஏதோ இருந்தது. கொக்கி கட்டுகிற விரல்களின் வேகத்தைப் பார்த்தேன். மெழுகில் பல் செதுக்கச் சொன்னால் வகுப்பில் இவள்தான் முதலாவது வருவாள். அதற்குத்தான் கேள்வித்தாளில் இடமில்லையே.

‘மனமிருந்தால் மார்க்கம் உண்டு’ என்று இந்த இடத்தில் ஒரு குரல் கிளம்பும். மார்க்கம் உண்டுதான், அதன் விலை என்ன என்பதற்குக் கணக்கும் உண்டு. 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைத்த கணக்குப்படி, அந்த ஆண்டு தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் கோச்சிங் போகாதவர்கள் 48 பேர். நாற்பத்தெட்டு! மீதி மூவாயிரத்துச் சொச்சம் பேரும் மனத்தோடு மார்க்கத்தையும் விலைக்கு வாங்கியவர்கள். நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுயற்சியில் வந்தவர்கள் 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. பிளஸ் டூ முடித்து ஓராண்டு, ஈராண்டு, சம்பாத்தியம் எதுவும் இல்லாமல், சோறு போட்டு, கோச்சிங் கட்டணமும் கட்டி ஒரு பிள்ளையை உட்கார வைக்க யாரால் முடியுமோ அவர்களுக்கான தேர்வு இது. அதன் பெயர் தகுதித் தேர்வு. யாருடைய தகுதி என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். அப்பனுடைய தகுதி.

கோச்சிங் கட்டணத்தில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வை வைப்பதும் அரசு, தேர்வுக்குப் பயிற்சி எடுத்தால் வரி போடுவதும் அரசு. பள்ளத்தை வெட்டி வைத்துவிட்டு ஏணிக்கு வரி கேட்கிறார்கள். நகைக்கடையில்கூட 3 விழுக்காடுதான்.

நீட்டை நடத்தி, பிள்ளைகளிடம் நிமிடக் கணக்கு கேட்கிற தேசியத் தேர்வு முகமையின் நேர மேலாண்மை எப்படி? 2024 முடிவுகளை ஜூன் 14-இல் வெளியிடுவதாகச் சொன்னார்கள். ஜூன் 4-ஆம் தேதியே வெளியிட்டார்கள். வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னால்! அன்றைக்கு நாடே மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கையை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது என்பது தற்செயலாம். 67 பேர் 720-க்கு 720. சிலருக்கு 718, 719. நான்கு கூட்டல், ஒன்று கழித்தல் என்கிற கணக்கில் 720-க்கு அடுத்தபடி, ஒரு கேள்வியை விட்டால் 716, தப்பாக எழுதினால் 715. 719 எப்படி வரும் என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்டான். தேர்வு மையத்தில் நேரம் இழந்தவர்களுக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தோம் என்று பிறகு ஒரு விளக்கம் வந்தது. 1,563 பேருக்கு அந்தக் கருணை. உச்ச நீதிமன்றம் வரை போனதும் கருணையைத் திரும்பப் பெற்று மறுதேர்வு. ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடையும் சரி என்று மதிப்பெண் வழங்கியிருந்தார்கள், டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களிடம் கேட்டபோது ஒன்றுதான் சரி என்றார்கள். கடைசியில் 67 பேர் 17 பேராகக் கரைந்தார்கள். பிள்ளைகள் இரவு 11 மணிக்கு உட்கார்ந்து ‘இன்று நான் செய்த தவறுகள்’ எழுதுகிறார்களே, அந்தக் கால்மணியை முகமைக்கும் ஒதுக்கியிருக்கலாம்.

இதே தேர்வில்தான் முழுக்கைச் சட்டை கூடாது, ஷூ கூடாது, கம்மல் கூடாது. 2017-இல் மையத்தின் வாசலில் வைத்துப் பிள்ளைகளின் சட்டைக் கையைக் கத்தரியால் வெட்டினார்கள். அந்தக் கத்தரி ஜார்க்கண்டின் ஹசாரிபாக்குக்குப் போகவில்லை. அங்கே 2024 தேர்வு நாள் காலையில் வினாத்தாளே வெளியே போனது. ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் கசிவு நடந்ததில் சந்தேகமில்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் நாடு முழுக்கப் பரவியதற்குச் சான்று போதாது என்று மறுதேர்வு வேண்டாம் என்றது. கேள்விக்கு விடை எழுதிக் கொடுத்ததாகக் கைதானவர்களில் மருத்துவ மாணவர்களும் இருந்தார்கள். பெண் பிள்ளையின் காதைத் தடவிப் பார்த்தவர்கள் பெட்டியின் பூட்டைத் தடவிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது பல் மருத்துவ இடங்களின் கதைதான். ‘தரம்’ என்று சொல்லித்தானே நீட்டைக் கொண்டுவந்தார்கள்? காசு கொடுத்துச் சீட் வாங்குகிற காலம் முடிந்தது என்றார்களே? 2020-21-இல் நாடு முழுவதும் முதலாண்டு பி.டி.எஸ்.-இல் ஏறத்தாழ 7,000 இடங்கள் காலியாகக் கிடந்தன. தனியார் கல்லூரி நாற்காலிகள் தூசி படிந்தன. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் தீர்ப்பு: அந்த ஆண்டுக்குத் தகுதி வரம்பைப் பத்துப் பெர்சன்டைல் குறையுங்கள். பொதுப் பிரிவில் 720-க்கு 147 என்றிருந்த வரம்பு 113 ஆனது. மற்ற பிரிவுகளுக்கு அதைவிடக் கீழே.

113-ஐக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நூற்றுக்குப் பதினாறுகூட இல்லை. பிளஸ் டூவில் 35 எடுக்காதவன் ஃபெயில். நீட்டில் ஒன்றுமே படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு 180 வட்டத்தையும் நிரப்பினாலே சராசரியாக 45 வரும். வேண்டுமானால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணைத் திறந்தபடி இன்னும் 68 எடுத்தால் அவர் தரமான பல் மருத்துவர், கட்டணம் கட்ட வசதி இருந்தால். நாற்காலி காலியானால் தரம் குனியும். அதிகாலைத் தண்ணீர்க் குடத்துக்காக அது ஒருநாளும் குனிந்ததில்லை. இடத்தைக் காலியாக வைக்காதிருப்பது நல்ல காரணம்தான், மறுக்கவில்லை. கட்டணத்தைக் குறைப்பதையும் கல்லூரிகள் யோசிக்கட்டும் என்று சொன்ன தீர்ப்பு, குறைத்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தால் அது இன்னும் நல்ல காரணமாகியிருக்கும்.

நீட்டுக்கு முன்னால் எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. கோழிப்பண்ணை மாதிரி பிள்ளைகளை அடைத்துப் பிளஸ் டூ புத்தகத்தை ஈராண்டு ஊட்டிய பள்ளிகளும் இதே மண்ணில்தான் இருந்தன. கண்டனம் அவற்றுக்கும் உண்டு. ஆனால் பண்ணையை மூடுகிறேன் என்று வந்தவர்கள் இரண்டு பண்ணையாக்கிவிட்டார்கள். பகலில் ஒன்று, மாலையில் ஒன்று.

நம் ஊர்த் தலைவர்களின் கட்டத்தையும் பார்த்துவிடுவோம். 2017 பிப்ரவரியில் அ.தி.மு.க. ஆட்சி நீட் விலக்குக்கு இரண்டு மசோதா நிறைவேற்றியது. அவை நிராகரிக்கப்பட்ட செய்தி, இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் மத்திய அரசு வாய்திறந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. அதே 2017-இல் ஆகஸ்ட் 22 வரை ‘இந்த ஒரு வருஷம் விலக்கு வந்துவிடும்’ என்று பிள்ளைகளை நம்ப வைத்தார்கள். டெல்லியும் தலையாட்டியது. பிறகு உச்ச நீதிமன்றத்தில் கையை விரித்தது. பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் மாணவி அனிதா செப்டம்பர் 1-ஆம் தேதி இறந்தார். எல்லாக் கட்சியும் மாலை வாங்கியது.

2021 தேர்தல் மேடையில் நீட்டை ஒழிக்கும் ரகசியம் எங்களுக்குத் தெரியும் என்றது தி.மு.க. அந்த செப்டம்பர் 13-இல் மசோதா நிறைவேறியது. ஆளுநர் மாதக்கணக்கில் அடைகாத்துத் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவருக்குப் போனது. நிராகரிக்கப்பட்டது என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்த நாள் 2025 ஏப்ரல் 4. அந்த 2021 மசோதா நிறைவேறிய அன்று ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை அதற்குள் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தது. அதற்கு அடுத்த மாதம் 4-ஆம் தேதி நீட். நடுவில் போன மூன்றரை ஆண்டில் ஆளுநர் மாளிகைக்கோ டெல்லிக்கோ எந்தக் கோச்சிங் சென்டரும் ஒரு கட்டம் போட்டுக் கொடுக்கவில்லையே! ‘காலை 10 முதல் 10.30 வரை: தமிழ்நாட்டு மசோதா, கையெழுத்து உட்பட’ என்று.

உருப்படியாக நடந்தது ஒன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2020-இல் வந்தது, பி.டி.எஸ்.-க்கும் உண்டு. அதனால் உள்ளே வந்த பிள்ளைகளைப் பார்த்து நானும் மகிழ்ந்தவன்தான். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது கிடையாது. அதே தண்ணீர்க் குழாய், அதே டவுன் பஸ், அதே சத்துணவு. பள்ளிப் பெயர்ப்பலகையில் ஒரு சொல் மாறியதால் தையல்காரர் மகள் வெளியே.

அவள் போன முறை கோச்சிங் இல்லாமல் 720-க்கு 240 எடுத்தாள். தரம் குனிந்த வருஷத்து 113-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முடிவுத்தாளில் ‘தகுதி பெற்றார்’ என்றே இருந்தது. அப்பாவுக்கு அந்தச் சொல்லில் பெரிய நம்பிக்கை. ‘நீங்களும் கூட வாங்கண்ணே, எனக்கு இங்கிலீஷ்ல பேசுனா புரியாது’ என்று என்னை ஒரு கோச்சிங் சென்டருக்கு அழைத்துப் போனார். ஏ.சி. அறை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தம்பி, கழுத்தில் அடையாள அட்டை, ‘அகாடமிக் கவுன்சிலர்’. பேசியது தமிழில்தான்.

‘பி.டி.எஸ்.ஸாவது கிடைக்காதுங்களா சார்?’

‘கவுன்சலிங்ல வராது சார். ஆனா பாப்பா குவாலிஃபைடு, அதனால மேனேஜ்மென்ட்ல தாராளமா போடலாம். எங்களுக்குத் தெரிஞ்ச காலேஜ் இருக்கு. பட்ஜெட் எவ்வளவு வச்சிருக்கீங்க?’

‘தையல் கடைங்க சார்.’

தம்பி ஒரு நொடி கணினித் திரையைப் பார்த்தார். மதிப்பெண் அதே 240-தான். ஆனால் அதற்குள் பெண் மாறிவிட்டாள்.

‘ஓ. அப்ப ரிப்பீட்டர் பேட்ச்தான் சார் கரெக்ட். பாப்பாவுக்கு பேசிக்ஸ் ஓகே, டைம் மேனேஜ்மென்ட்தான் வீக்கா இருக்கு. டைம்டேபிள் ஸ்ட்ரிக்டா ஃபாலோ பண்ணாததுதான் பிரச்சினை. பாப்பா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிச்சே?’

அவள் பதில் சொல்லவில்லை. விரல் நுனியில் ஊசி குத்திய தடங்களைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாதான் கேட்டார், கட்டணம் எவ்வளவு என்று. தம்பி ஒரு தாளை எடுத்துத் தொகையை எழுதி, வட்டம் போட்டு, இரண்டு தவணைக்கும் தேதி குறித்து, மேசையில் இவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். கீழே இன்னொரு வரியும் எழுதியிருந்தது. இவர் அதில் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

‘அது பதினெட்டு பர்சென்ட் சார், தனி,’ என்றார் தம்பி. ‘அது எங்களுக்கு இல்ல. கவர்ன்மென்ட்டுக்கு.’